ஆரஞ்சு ஸ்டிக்கர் திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலையில் நம்மூர் கலெக்டர் ஆபீஸ் வாசலைப் பார்த்திருப்பீர்கள். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் அரை அடி தள்ளிச் சுவர் கட்டிவிட்டான் என்று ஆளுக்கொரு மனுவோடு ஜனங்கள். மரத்தடியில் மனு எழுதித் தரும் பெரியவர். டீக்கடையில் அன்றைக்கு மட்டும் டபுள் வியாபாரம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரமான ரிச்மண்டிலும் இப்படி ஒரு திங்கட்கிழமை உண்டு. ஆனால் வருஷத்துக்கு ஒன்றே ஒன்றுதான். ஜனவரி மாதம் மூன்றாவது திங்கள். கிட்டத்தட்ட நம் பொங்கலை ஒட்டியே வரும். அன்றைக்கு இரண்டு கோஷ்டி மனுவோடு வருகிறது. ஒரு கோஷ்டியின் மனு: 'எங்கள் துப்பாக்கியில் கை வைக்காதே!' இன்னொரு கோஷ்டியின் மனு: 'தயவுசெய்து கை வை!'

இரண்டும் ஒரே மைதானத்தில். ஒரே எம்.எல்.ஏ.க்களிடம். சில வருஷம் சில கெஜ தூர இடைவெளியில்.

அக்கா வீடு ரிச்மண்டுக்கு வடமேற்கே கிளென் ஆலன் என்ற இடத்தில். நம்மவர்கள் ஏகமாக இருக்கிற பேட்டை. கோயில் இருக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கிறது. சில வருஷம் முன்பு ஒரு பொங்கல் சமயம் அங்கே போயிருந்தேன். மாமா ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் உத்தியோகம், சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அமெரிக்கா போய் இருபது வருஷமாகியும் 'ங்க' போகாத மனிதர்.

"ஏனுங் மாப்ளே, ஊரு பாக்கறதுன்னா நயாகரா, நியூயார்க்னு கேப்பாங்க. நீங்க துப்பாக்கிக்காரங்களைப் பாக்கோணும்ங்கறீங்களே!" என்றார். ஆனாலும் காரை எடுத்துவிட்டார். அன்று அவருக்கும் லீவு.

அந்த லீவில்தான் சூட்சுமமே இருக்கிறது. மூன்றாவது திங்கள், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறை. ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் மூடியிருக்க, சட்டமன்றம் மட்டும் நடக்கும். சம்பளம் பிடிபடாமல் எம்.எல்.ஏ.வைப் பார்க்க இதைவிடத் தோதான நாள் கிடைக்குமா? (இருக்கிற பன்னிரண்டு கேஷுவல் லீவை மனு கொடுக்கவா செலவழிப்பது! ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்த அருமை புரியும்.)

'அஹிம்சை பேசி, 1968-ல் துப்பாக்கிக்குப் பலியான மனிதரின் பிறந்தநாளிலா இந்தக் கூத்து?' என்று நீங்கள் கேட்கலாம். ஆரஞ்சு கோஷ்டி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1956-ல் மான்ட்காமரி ஊரில் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பிறகு அவரே துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். கறுப்பர் என்பதால் அலபாமா அதிகாரிகள் தரவில்லை. "பார்த்தீர்களா, லைசென்ஸ் அதிகாரம் அதிகாரியிடம் இருந்தால் இதுதான் கதி" என்கிறார்கள். நிஜமான சம்பவம், கூர்மையான வாதம். பிற்பாடு கிங் துப்பாக்கியே வேண்டாம் என்று முடிவுக்கு வந்ததை மட்டும் அவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.

இந்த லீவுக்கே ஒரு தனிக் கதை இருக்கிறது. 1984 முதல் 2000 வரை வர்ஜீனியாவில் இந்த நாளுக்குப் பெயர் 'லீ-ஜாக்ஸன்-கிங் தினம்'. அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட தளபதிகள் லீயும் ஜாக்ஸனும்; அந்த அடிமைகளின் வழிவந்தவர் கிங். மூன்று பேருக்கும் ஒரே கேக்! எவன் யோசனையோ. 2000-ல் பிரித்தார்கள், 2020-ல் லீ-ஜாக்ஸன் லீவையே எடுத்துவிட்டார்கள்.

ரிச்மண்ட், ஜேம்ஸ் நதிக்கரை ஊர். 1861 முதல் 1865 வரை உள்நாட்டு யுத்தத்தில் தெற்கத்தி மாநிலங்களுக்குத் தலைநகரம். அவர்களுக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்த ட்ரெடகார் இரும்பாலை ஆற்றங்கரையில் இன்னமும் நிற்கிறது. இப்போது மியூசியம்.

சட்டமன்றக் கட்டிடம் குன்றின்மேல் வெள்ளை வெளேரென்று தூண்களோடு நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில்தான். நிஜமாகவே கோயில் பார்த்துக் கட்டியதுதான். தாமஸ் ஜெஃபர்ஸன் பிரான்சில் தூதராக இருந்தபோது, அங்கே நீம் என்ற ஊரிலிருந்த பழைய ரோமானியக் கோயிலின்மேல் ஆசைப்பட்டு, அதே மாதிரி பிளான் போட்டு, பிளாஸ்டரில் ஒரு மாடலும் செய்து கப்பலேற்றி அனுப்பினார். 1785-ல் அடிக்கல், 1788-ல் குடிபோனார்கள். இந்தச் சட்டமன்றத்தின் பூர்வீகம் 1619. அமெரிக்காவிலேயே பழையது.

உள்ளே போவதற்கு மெட்டல் டிடெக்டர் வாசல். வரிசை நீளம். எனக்கு முன்னால் தாடிவைத்த ஒரு ஆஜானுபாகு. கோட்டின்மேல் வட்டமாக ஆரஞ்சு ஸ்டிக்கர்: 'துப்பாக்கிகள் உயிர் காக்கும்'. தட்டில் சாவி, சில்லறை, பெல்ட் எல்லாம் போட்டுவிட்டு, இன்னும் ஏதோ மறந்தவர் போல இடுப்பைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்து, "வண்டியில் விட்டுவிட்டு வந்தேன். பல்செட்டை மறந்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது" என்றார்.

முன்பெல்லாம் இந்த அவஸ்தை கிடையாது. லைசென்ஸ் இருந்தால் இடுப்புத் துப்பாக்கியோடு எம்.எல்.ஏ. ரூமுக்கே போகலாம். 2021 ஜூலை 1 முதல் மாநிலக் கட்டிடங்களிலும் இந்த வளாகத்திலும் துப்பாக்கிக்குத் தடை.

உள்ளே நடுக்கூடத்தில் ஜார்ஜ் வாஷிங்டன், ஆளுயரப் பளிங்குச் சிலை. ஊதோன் என்ற பிரெஞ்சுச் சிற்பி 1785-ல் அவர் வீட்டுக்கே போய் முகத்தில் பிளாஸ்டர் அச்செடுத்துச் செய்தது. நான் கொஞ்ச நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. யுத்தம் ஜெயித்த தளபதி. ஆனால் கையில் இருப்பது வாக்கிங் ஸ்டிக். வாளைக் கழற்றிப் பக்கத்தில் தூணில் மாட்டிவிட்டிருக்கிறார். பின்னால் கலப்பை. 'சண்டை முடிந்தது, வயலுக்குப் போகிறேன்' என்கிற தோரணை.

அதே கட்டிடத்தின் உச்சியில் பறக்கிறது வர்ஜீனியாக் கொடி. அதில் ஒரு பெண் ஈட்டியும் வாளுமாக, கீழே விழுந்து கிடக்கும் கொடுங்கோலன் நெஞ்சில் காலை வைத்து நிற்கிறாள். கொடுங்கோலர்களுக்கு எப்போதும் இதே கதி என்று லத்தீனில் எழுதியிருக்கிறது.

ஆயுதத்தைக் கழற்றி மாட்டியவர் உள்ளே, ஆயுதத்தோடு மிதிப்பவள் கூரைமேல். இந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாக எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்று எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது.

மனு கொடுக்கிற வேலை நடப்பது எம்.எல்.ஏ.க்களின் ஆபீஸ் கட்டிடத்தில். கீழ்ச்சபையில் 100 பேர், மேல்சபையில் 40 பேர். வருஷம் பூரா அரசியல் செய்கிறவர்கள் இல்லை. வக்கீல், டாக்டர், வாத்தியார், விவசாயி என்று ஆளுக்கொரு பிழைப்பு. இரட்டைப்படை வருஷத்தில் 60 நாள் கூட்டம், ஒற்றைப்படையில் அதைவிடக் குறைவு. அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வருஷச் சம்பளம் 18,000 டாலரைத் தாண்டாமலேயே பல பத்தாண்டு ஓடியது. ("எங்க ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ற பசங்க ஆறு மாசத்துல இதைவிட ஜாஸ்தி வாங்குவாங்க மாப்ளே" என்றார் மாமா.)

ஆரஞ்சு கோஷ்டிக்குப் பின்னாலிருப்பது வர்ஜீனியா சிட்டிஸன்ஸ் டிஃபென்ஸ் லீக் என்ற சங்கம். 1994-ல் மாநிலத்தின் வடகோடியில் ஆரம்பித்தது. தலைவர் பிலிப் வான் க்ளீவ். பிரம்மாண்டமான நேஷனல் ரைஃபிள் அசோசியேஷனுக்கும் தலைமையகம் இதே மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸில்தான் என்றாலும், இவர்கள் தங்களை அதைவிடக் கறாரான ஆட்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். விட்டுக்கொடுத்துப் பேரம் பேசுவதில் நம்பிக்கை இல்லை. 2018-ல் சாஷா பேரன் கோஹென் என்ற காமெடி நடிகர் வேஷம் போட்டு வந்து, பொம்மை நாய்க்குட்டி ஒட்டிய துப்பாக்கியைக் குழந்தைகளுக்குச் சிபாரிசு பண்ணும் விளம்பரத்தில் வான் க்ளீவையே நடிக்க வைத்துவிட்டார்! நாடே சிரித்தது. சங்கம் கலைந்துவிடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அது கூட்டிய கூட்டத்தைப் பார்த்தபோது சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு வருகிறேன்.

சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து ரூம் ரூமாகப் போகிறார்கள். நானும் ஒரு குழுவின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன். எம்.எல்.ஏ. இல்லை, உதவியாளர் பெண் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முதல் கேள்வி: "நீங்கள் எந்தத் தொகுதி?"

எனக்கு ஊர் ஞாபகமே வந்துவிட்டது. உலகம் பூரா இதுதான் முதல் கேள்வி. தொகுதிக்காரர் என்றால் நாற்காலி, இல்லையென்றால் புன்னகை.

இங்கே அந்த நாற்காலிக்கு மதிப்பு ஜாஸ்தி. நம் தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படியே சுமார் 3 லட்சம் பேருக்கு ஒரு எம்.எல்.ஏ. வர்ஜீனியாக் கீழ்ச்சபையில் சுமார் 86,000 பேருக்கே ஒருவர். பத்து ஓட்டு இப்படி அப்படிப் போனால் ஆள் காலி. 2017 தேர்தலில் 94-ம் தொகுதியில் ஷெல்லி சைமண்ட்ஸ், டேவிட் யான்சி இருவருக்கும் தலா 11,608 ஓட்டு. என்ன செய்தார்கள் தெரியுமா? பெயர்களை எழுதி, ஃபிலிம் டப்பாவில் போட்டு, மியூசியத்தில் கடன் வாங்கிய பீங்கான் கிண்ணத்தில் குலுக்கி எடுத்தார்கள். அசல் உத்திரமேரூர் குடவோலை! யான்சி பெயர் வந்தது. அந்த ஒரு சீட்டால் சபையே 51-49 என்று ரிபப்ளிகன் கட்சிக்குப் போனது. இப்படிப்பட்ட ஊரில், ஆரஞ்சு ஸ்டிக்கரோடு பதினைந்து பேர் ரூமுக்குள் வந்து நின்றால் எம்.எல்.ஏ. வயிற்றில் புளி கரைக்காதா?

குழுவில் ஒரு இந்திய முகம். குஜராத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஹைவே ஓரத்தில் சின்ன மோட்டல். கோட்டில் ஆரஞ்சு ஸ்டிக்கர்! நான் ஆச்சரியப்பட்டதைக் கவனித்துவிட்டார்.

"என்ன பாய், காந்தி ஊர்க்காரன் இங்கே என்ன பண்ணுகிறான் என்று பார்க்கிறாயா?" என்றார். நடுராத்திரி இரண்டு மணி, கவுண்டரில் அவர் சம்சாரம், எதிரில் துப்பாக்கியோடு ஒருத்தன். கல்லாவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். போலீஸ் வர 18 நிமிஷம். "அந்தப் பதினெட்டு நிமிஷத்தை எப்படிக் கழிப்பது என்று எனக்கு யாராவது சட்டம் போட்டுத் தரட்டும், நான் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. எதிர்க் கோஷ்டியில் யாரைக் கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் சட்டென்று பதில் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. திருடனைச் சுட்டுவிட்டால் அப்புறம் கோர்ட்டில் என்ன ஆகும்? 'வீடு என்பது கோட்டை. கோட்டைக்குள் புகுந்தவனைத் தடுத்தால் குற்றமில்லை' என்று பல மாநிலங்களில் எழுத்துபூர்வமான சட்டம் உண்டு. வர்ஜீனியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக நீதிபதிகள் கொடுத்த தீர்ப்புகள்தான் சட்டம். தப்பு ஒன்றும் செய்யாதவன் பின்வாங்கி ஓடத் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். 'வாய்வழக்கு போதாது, புத்தகத்தில் எழுது' என்று 2012 உட்படப் பல தடவை மசோதா வந்தது. வந்த வழியே போனது. 'இருக்கிறதே நன்றாக இருக்கிறது, எழுதப் போய்க் குறைந்துவிடும்' என்று துப்பாக்கிப் பிரியர்களிலேயே சிலர் பயந்ததும் உண்டு. எழுத ஆரம்பித்தால் கமா, ஃபுல்ஸ்டாப்பில் வக்கீல் நுழைந்துவிடுவார் இல்லையா?

வெளியே வந்தோம். வளாகத்தின் ஓரத்தில் ஒன்பதாவது தெருப் பக்கமாக ஒரு பழைய செங்கல் மணிக்கூண்டு. கூட்டங்கள் நடப்பது இங்கேதான். நான் பார்த்த அன்று சில நூறு பேர் இருந்திருப்பார்கள். மாமா தெருவைச் சுட்டிக்காட்டினார்.

"இதென்ன கூட்டமுங்க! 2020-ல பாத்திருக்கோணும். இந்தத் தெரு, அந்தத் தெரு, அதுக்கு அடுத்த தெரு பூரா தலைதான்."

2020 ஜனவரி 20. அந்தக் கதையின் ஆரம்பம் முந்தைய வருஷம். 2019 மே 31-ம் தேதி வர்ஜீனியா பீச் நகராட்சி ஆபீஸில் ஒரு இன்ஜினீயர், கூட வேலை பார்த்தவர்களையும் சேர்த்து 12 பேரைச் சுட்டுக் கொன்றார். கவர்னர் ரால்ஃப் நார்தம் ஜூலையில் சிறப்புக் கூட்டம் கூட்டினார். ரிபப்ளிகன் மெஜாரிட்டி ஒன்றரை மணி நேரத்தில் ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டது. நவம்பர் தேர்தலில் இரண்டு சபையும் டெமாக்ரட்டுகள் கைக்கு வந்தன. 'இனி சட்டம் வரும்' என்றதும் கிராமப்புறம் பற்றிக்கொண்டது. 'எங்கள் எல்லைக்குள் இந்தச் சட்டம் செல்லாது' என்கிற ரீதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளும் ஊர்களும் தீர்மானம் போட்டன.

மனு நாள் நெருங்க நெருங்க, வெளி மாநிலத்து முரட்டுக் கோஷ்டிகளும் வருவதாகப் பேச்சு. கவர்னர் அவசரநிலை அறிவித்து, வளாகத்துக்குள் ஆயுதத்துக்குத் தடை போட்டார். சங்கம் கோர்ட்டுக்குப் போனது; மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்க மறுத்தது. ஜனவரி 16-ம் தேதி, நிறவெறிக் கும்பல் ஒன்றைச் சேர்ந்த மூன்று பேரை எஃப்.பி.ஐ. மடக்கியது.

திங்கட்கிழமை விடிந்தது. போலீஸ் கணக்குப்படி சுமார் 22,000 பேர். அதில் 6,000 பேர் துப்பாக்கி இல்லாமல் செக்கிங் முடித்து வேலிக்கு உள்ளே. 16,000 பேர் வெளியே தெருவில், பலர் தோளில் நீளத் துப்பாக்கியோடு, ராணுவ டிரஸ்ஸில். ஹெலிகாப்டர் வட்டமடிக்கிறது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை! ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. கைதானது ஒரே ஒரு ஆள். 21 வயதுப் பெண். குற்றம்? முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். முகமூடி போட்டுப் பொது இடத்தில் நடப்பது வர்ஜீனியாவில் பெரிய குற்றம். நாலு மாசம் கழித்து, கொரோனா வந்து, முகத்தை மூடாமல் கடைக்குள் போகக்கூடாது என்று அதே கவர்னரே உத்தரவு போட்டார்!

இருபத்திரண்டாயிரம் பேர் வந்தும் சட்டம் நிற்கவில்லை. ஏப்ரல் 10-ம் தேதி கவர்னர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். தனியார் கைமாற்றினாலும் பின்புல விசாரணை. மாசத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக்கூடாது. ஆபத்தான ஆளிடமிருந்து கோர்ட் உத்தரவோடு தாற்காலிகமாகப் பறிமுதல். காணாமல் போனால் 48 மணி நேரத்தில் புகார். ஆனால் ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் மசோதா மட்டும் பிப்ரவரியிலேயே மேல்சபைக் கமிட்டியில் 10-5 என்று படுத்துவிட்டது. நாலு டெமாக்ரட்டுகளே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தொகுதி ஞாபகம் வந்திருக்கும்!

மத்தியானத்துக்குமேல் ஆரஞ்சு குறைந்தது. அடுத்த கோஷ்டி வர ஆரம்பித்தது. இங்கே கோஷம் கம்மி. கையில் போட்டோக்கள். மகள், தம்பி, கணவர் என்று சிரித்துக்கொண்டிருக்கும் முகங்கள், கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. ஒரு அம்மாள் மைக்கில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வருஷா வருஷம் லிஸ்ட் நீளும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

மாமா அதுவரை தமாஷாகப் பேசிக்கொண்டிருந்தவர், பேசாமல் ஆகிவிட்டார்.

"எங்கூர்க்காரர் ஒருத்தர் இருக்காருங்க மாப்ளே, இந்த லிஸ்ட்ல" என்றார்.

பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபி பக்கத்தில் கரட்டடிபாளையம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., பர்டியூவில் டாக்டர் பட்டம், பிறகு பல வருஷம் வர்ஜீனியா டெக்கில் சிவில் இன்ஜினீயரிங் வாத்தியார். பாடம்: மழை, வெள்ளம், ஆற்று நீர். 2007 ஏப்ரல் 16-ம் தேதி காலை, நாரிஸ் ஹால் 206-ம் அறையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் இரண்டு கைத்துப்பாக்கியோடு உள்ளே வந்தான். அன்றைக்கு மொத்தம் 32 பேர். மும்பையிலிருந்து படிக்க வந்த மினால் பஞ்சால் என்ற பெண்ணும் அதில் ஒருத்தி.

அந்த மாணவன் மனநிலை சரியில்லாதவன், தனக்கே ஆபத்து என்று 2005 டிசம்பரிலேயே ஒரு கோர்ட் எழுதியிருந்தது. மத்திய சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்கவே கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரைத்தான் மாநிலம் கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தது, இவன் வெளிநோயாளி. பெயர் ஏறவில்லை. கடைக்காரர் விசாரித்தார், 'ஆட்சேபணை இல்லை' என்று பதில் வந்தது. அப்போதிருந்த மாசம் ஒரு துப்பாக்கிச் சட்டத்தைக்கூட அவன் மீறவில்லை! பிப்ரவரியில் ஒன்று வாங்கி, முப்பது நாள் பொறுத்து, மார்ச்சில் இரண்டாவது வாங்கினான். ஒரு டேபிளிலிருந்து இன்னொரு டேபிளுக்குப் போகாத ஒரு காகிதம். ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற நமக்கெல்லாம் இதைக் கேட்டால் அடிவயிறு கலங்க வேண்டும்.

கவர்னர் டிம் கெய்ன் இரண்டே வாரத்தில் அந்த ஓட்டையை அடைத்தார். ஆனால் துப்பாக்கிச் சந்தைகளில் தனியார் விற்பனைக்கும் விசாரணை வேண்டும் என்ற மசோதா 2008-ல் தோற்றது. அந்த ஜனவரியில் இதே புல்தரையில் ஜனங்கள் மூன்று நிமிஷம் பிணம் மாதிரிப் படுத்துக் கிடந்தார்கள். துப்பாக்கி வாங்க அவ்வளவு சுருக்க நேரம் போதும் என்று காட்டுவதற்காக. அன்றும் பக்கத்தில் ஆரஞ்சு ஸ்டிக்கர்கள் இருந்தன.

ஆரஞ்சு கோஷ்டிக்கும் 206-ம் அறையைத் தெரியும். காலேஜ் வளாகத்தில் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கி கொண்டுபோக அனுமதிக்கும் மசோதா ஒன்று, 2006 ஜனவரியில் கமிட்டியிலேயே செத்தது. 'அது மட்டும் நிறைவேறியிருந்தால், அந்த அறையில் ஒருத்தர் கையிலாவது துப்பாக்கி இருந்திருந்தால்...' என்பது அவர்கள் வாதம். 'அவன் கையில் இல்லாதிருந்தால்...' என்பது இவர்கள் வாதம். இரண்டு கோஷ்டியும் ஒரே அறையைக் காட்டித்தான் மனு கொடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால்? அட்டவணையில் ஒரு பெயர் ஏறியிருந்தால் போதும், கடையிலேயே கதை முடிந்திருக்கும் என்பது நடந்த விஷயத்திலிருந்தே தெரிகிறது. வகுப்பில் தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு வீரர் இருந்திருந்தால் என்பது யூகம். நான் பி.காம்., கணக்கு எழுதிப் பழகியவன். யூகத்தை வரவில் எழுத மாட்டேன். ஆனால் அந்த மோட்டல்காரரின் 18 நிமிஷம் யூகமில்லையே! அதை எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் புரியவில்லை.

"நீங்க ஒண்ணு வாங்கலையா மாமா?" என்று கேட்டேன்.

"விசால இருந்தவரைக்கும் வெச்சிருக்கவே கூடாதுங்க, மத்திய சட்டம். வேட்டை லைசென்ஸ் எடுத்தா மட்டும் விதிவிலக்கு. சாமி சத்தியமா, துப்பாக்கி வாங்கறதுக்காகவே மான் வேட்டை லைசென்ஸ் எடுத்த சைவ ஐயர் ஒருத்தரை எனக்குத் தெரியும்! இப்ப கிரீன் கார்டு வந்துருச்சு, வாங்கலாம். உங்கக்கா விட மாட்டேங்கறா."

அக்கா விடாததற்குக் காரணம், எட்டாவது படிக்கும் மகள். அவள் ஸ்கூலில் தீயணைப்பு ஒத்திகை மாதிரியே இதற்கும் ஒத்திகை. கதவைப் பூட்டி, லைட்டை அணைத்து, சுவரோரம் பேச்சு மூச்சில்லாமல் உட்கார வேண்டும். "போர் அடிக்கும் மாமா. ஃபோனும் பாக்கக் கூடாது" என்றாள் என்னிடம், தோசையைப் பிய்த்துக்கொண்டே. அவளுக்கு அது ட்ரில் பீரியட் மாதிரி.

அதன் பிறகும் கதை மேலும் கீழுமாகத்தான் போயிற்று. 2022-ல் வந்த கவர்னர் கிளென் யங்கின், 2024 மார்ச் 26 ஒரே நாளில் 30 துப்பாக்கி மசோதாக்களை ரத்து செய்தார். 2020-ல் கமிட்டியில் படுத்த அந்தத் தடை மசோதா, இந்தத் தடவை இரண்டு சபையையும் தாண்டி அவர் மேஜை வரை போய்ப் படுத்தது. 2025-ல் மறுபடி வந்தது, மறுபடி ரத்து. வர்ஜீனியாவில் ஒரு கவர்னர் அடுத்தடுத்து இரண்டு தடவை பதவியில் இருக்க முடியாது. 2026 ஜனவரியில் டெமாக்ரட்டான அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் வந்தார். மனுக்காரர்கள் இரண்டு பேரும் நாலு வருஷத்துக்கொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அந்த வாரம் சனிக்கிழமை மாமா, "வாங்க, போய்ட்டு வந்துரலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ப்ளூ ரிட்ஜ் மலையைத் தாண்டி, 81-ம் நம்பர் ஹைவேயில் தெற்கே இறங்கி, ப்ளாக்ஸ்பர்க். மூன்றரை மணி நேரம்.

வர்ஜீனியா டெக்கின் பெரிய புல்மைதானத்தின் ஓரத்தில், அரைவட்டமாக 32 கற்கள். உள்ளூர்ச் சாம்பல் நிறக் கல், கட்டிடங்கள் பூராவும் அதே கல்தான். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நாரிஸ் ஹால் அப்படியே இருக்கிறது. இரண்டாவது மாடி வகுப்பறைகளை மாற்றி, வன்முறைத் தடுப்பு ஆராய்ச்சி மையம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அதை ஆரம்பித்து நடத்தியவர், அதே நாளில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு பேராசிரியர்.

லோகநாதன் பெயருள்ள கல்லைக் கண்டுபிடித்து மாமா குந்தி உட்கார்ந்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த இலைகளைத் தட்டிவிட்டார்.

"தடப்பள்ளி வாய்க்கால் பாயற ஊருங்க எங்களது. தண்ணி எப்ப விடுவான், எப்ப நிறுத்துவான்னு பேசியே வளர்ந்தோம். அங்கிருந்து வந்து இவங்களுக்குத் தண்ணிக் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கார் மனுசன்" என்றார்.

மைதானத்தில் பசங்கள் ஃப்ரிஸ்பீ வீசிக்கொண்டிருந்தார்கள். மாமா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "காபி குடிச்சுட்டுக் கிளம்பலாங்களா? இருட்டினா மலைப் பாதையில பனி பிடிச்சுக்கும்" என்றார்.